‘சிறு சீரமைப்பு’ என்று எழுதிய மகனுக்கு

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க மனமில்லை. நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. சனிக்கிழமை விமானம், ஜெர்மனியில் வேலை, அதற்குள் அர்த்தநாரீஸ்வரர் கோயில் விபூதியும் கொஞ்சம் அதிரசமும் பொட்டலம் கட்டிச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கப் பயம். பொட்டலத்தை அவரே கட்டிவிட்டார். அதன் கூடவே இந்தக் கடிதமும் வருகிறது. உறையை நான் ஒட்டவில்லை. உனக்கு ஒரு பிரதி, கரும்பு ஆலையில் விசாரணை நடத்தப்போகிற அதிகாரிக்கு ஒரு பிரதி, கரியாலூர் லட்சுமணனுக்கு ஒரு பிரதி. வேறு யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். ஆகவே வெளியாள் படித்தாலும் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதாகத் தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு படி.

வியாழக்கிழமை லட்சுமணனுக்கு விசாரணை. அவர் நம் பக்கத்து ஆலையில் பீல்டுமேன். கழனி கழனியாகப் போய், யார் எவ்வளவு கரும்பு நட்டிருக்கிறார்கள் என்று போனில் பதிவது அவர் வேலை. அந்தப் பதிவை வைத்துத்தான் ஆலை வரிசைப்படி வெட்டு உத்தரவு கொடுக்கும். உத்தரவில்லாமல் வெட்டினால் லாரி வராது. வெட்டாமல் விட்டால் கரும்பு பூத்து உள்ளே சக்கையாகிவிடும். இந்த அரவைப் பருவத்தில் அஞ்சலையின் கரும்பு அப்படித்தான் நின்றே வீணானது. லட்சுமணன் அவள் கழனியைப் பதியவே இல்லை, கேள்வி வந்த பிறகு பயந்துபோய்ப் போனில் ஏற்றிவிட்டு, முன்னமே ஏற்றியதாகப் பொய் சொல்கிறார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை அதை நிரந்தரமாக்கிவிடுவார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவர் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சொன்னதை நம்பவில்லை. நீ வாயைத் திறக்கவில்லை.

அஞ்சலைக்கும் நமக்கும் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உன் அப்பா பேரில் ஒரு கழனி இருக்கிறது. கிணற்றுக்கு மேற்கே உள்ள பாதியில் அப்பா பயிர் வைக்கிறார். கிழக்குப் பாதியை அஞ்சலை குத்தகைக்கு வைத்திருக்கிறாள், அவள் மாமியார் காலத்திலிருந்து. பத்திரம் எழுதவில்லை, இந்தப் பக்கம் யாரும் எழுதுவதில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. சர்வே எண் ஒன்று, சிட்டா ஒன்று, சிட்டாவில் இருக்கும் பெயர் உன் அப்பாவுடையது. போன தடவை இரண்டு பாதிக்கும் ஒரே ரக விதைக்கரணை, ஒரே மாதத்தில் நட்டார்கள், கரணை கொடுத்த ஆள் ஒருவர்தான் என்பதால். ஆக, ஆலைக்குப் போகிற விவரத்தில் இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். ஒன்றில் குத்தகைதாரர் என்ற இடத்தில் அஞ்சலையின் பெயர் இருக்கும், மற்றதில் அந்த இடமே இருக்காது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் தன் பக்கத்திலிருந்து ஒரு கரும்பை ஒடித்து, கணு சீவி உன் கையில் கொடுத்தாள். நீ வாங்கிக்கொண்டு, “இதுவும் எங்களுதுதான” என்றாய். “ஆமா சாமி, எல்லாம் உங்களுதுதான், துன்னு” என்று அவள் சிரித்தாள். உன் அப்பாவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. அந்தப் பேச்சு உன்னோடு கூடவே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கடைசியில் உன் நிரலுக்குள் உட்கார்ந்துவிட்டது.

அந்த நிரலுக்கு வருகிறேன். ஆலைக்குச் செயலி செய்து கொடுத்தது நீ வேலை பார்த்த கம்பெனி, எழுதியது நீ. முதலில் போனுக்கு மட்டும் கோட்லின் என்ற மொழியில் எழுதினாய். சிக்னல் இல்லாத இடங்களில் பீல்டுமேன்கள் ஒரே கழனியை இரண்டு தடவை பதிந்துவிடுவார்கள், ஒன்றை நீக்க வேண்டும். அதற்காக, இந்தப் பதிவும் அந்தப் பதிவும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை வைத்தாய். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவைதானா என்று பார்ப்பது அதில் முதல் வரி. சொந்தப் பயிர் ஒரு வகை, குத்தகைப் பயிர் இன்னொரு வகை. வகை வேறென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, இரண்டும் வேறு. சரியான வரிதான். அதை நீ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதவில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த மென்பொருளே போட்டுத் தருகிற வரி அது என்பதும் எனக்குத் தெரியும். அது இருந்தவரை அஞ்சலைக்கு ஒழுங்காக உத்தரவு வந்துகொண்டிருந்தது.

பிறகு ஆலை அலுவலகத்துக்கும் அதே செயலி வேண்டும் என்றார்கள். அங்கே கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து பார்ப்பார்கள். நல்ல யோசனையாகத்தான் தொடங்கினாய். கழனி, பதிவு, ஒப்பீடு எல்லாவற்றையும் தனியே எடுத்து லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பாகக் கட்டி, போனுக்கும் பிரவுசருக்கும் பொதுவாக வைத்தாய். பொது இடத்துக்கு வந்ததும் அந்த முதல் வரி ஓடவில்லை, ஏனென்றால் அது ஜாவா என்ற இன்னொரு மொழியை நம்பி எழுதிய வரி, பிரவுசரில் ஜாவா கிடையாது. சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. எந்த இடத்திலும் ஓடக்கூடிய மாற்று வரி கோட்லினிலேயே இருக்கிறது. உன் வகையும் என் வகையும் ஒன்றா என்பதை ஜாவாவைக் கேட்காமல் கோட்லினையே கேட்கலாம். அரை வரி வேலை. நீ அதைத் தேடவில்லை. பழைய வரியை அழித்துவிட்டு, ‘நீயும் கழனிதானா’ என்று மட்டும் கேட்கிற மாதிரி மாற்றினாய். குத்தகைக் கழனியை நீ கழனி என்ற வகைக்கு உட்பிரிவாகத்தான் வைத்திருந்தாய், அதனால் அதற்கும் ஆம் என்று பதில் வரும். சிவப்புக் கோடு போய்விட்டது, நீயும் சாப்பிடப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் நடந்தது இது. உன் அப்பாவின் பதிவிடம் போய், ‘அஞ்சலையின் பதிவும் நீயும் ஒன்றா’ என்று கேட்டால், அதுவும் கழனி, சர்வே எண் ஒன்று, ரகம் ஒன்று, நட்ட மாதம் ஒன்று, ஆகவே ஒன்றுதான் என்கிறது. அஞ்சலையின் பதிவிடம் அதே கேள்வியைக் கேட்டால், அது எதிராளியிடம் குத்தகைதாரர் பெயரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, ஆகவே நான் வேறு என்கிறது. யாரைக் கேட்கிறோமோ அதற்கேற்பப் பதில் மாறுகிறது. யார் யாரைக் கேட்பது என்பதையும் நீ முடிவு செய்யவில்லை. பட்டியலில் தேடுகிற வேலையைப் போனிலும் பிரவுசரிலும் ஏற்கெனவே இருக்கிற கருவிகளிடமே விட்டுவிட்டாய். போனில், புதிதாக வருகிற பதிவைக் கேட்டது. அஞ்சலையின் பதிவு ‘நான் வேறு’ என்றது, தங்கியது. அலுவலகத்தில், முன்பே இருக்கிற பதிவைக் கேட்டது. உன் அப்பாவின் பதிவு ‘அது நான்தான்’ என்றது. இரண்டாவது தடவை பதிந்த அதே கழனி என்று நினைத்து அஞ்சலையை நீக்கிவிட்டது. லட்சுமணன் தன் போனைத் திறக்கும்போதெல்லாம் அவள் பெயர் இருந்தது. அலுவலகத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. உன் அப்பாவுக்கு உத்தரவு வந்து, லாரி வந்து, கரும்பு போய்விட்டது. பக்கத்துப் பாதி அப்படியே நின்றது.

இதை நான் உனக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர் பெற்ற பிள்ளை நீ, பிளஸ் டூவில் என் வகுப்பிலேயே இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் செட்டில் இரண்டு மணிகண்டன். இனிஷியல் ஒன்று, ஊர் ஒன்று, தெருவும் ஒன்று. சமம் என்றால் என்ன என்று நடத்தும்போது ஒருவனை எழுப்பி, “நீயும் அவனும் ஒண்ணாடா?” என்று கேட்டேன். அவன் நன்றாகப் படிக்கிற மணிகண்டனைத் திரும்பிப் பார்த்து, “ஒண்ணுதான் டீச்சர், அவன் மார்க்க எனக்கும் போட்ருங்க” என்றான். மற்றவனை எழுப்பினேன். “அய்ய, நான் வேற டீச்சர்” என்றான். வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய். ஒருவன் மட்டும் சொன்னால் சமம் ஆகாது, இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்று பலகையில் எழுதினேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண் வாங்கினாய். இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் தங்கள் வளர்ப்பில் எங்கே கோளாறு என்று தேடிக் கண்ணைக் கசக்குவது வழக்கம். அந்த வேலைக்கு நான் வரவில்லை. நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன், நீ கேட்டுக்கொண்டு மறந்தாய்.

மறந்ததோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. லைப்ரரிக்குத் தமிழில் விளக்கம் எழுதித் தரச் சொல்லி அதைத் திறந்து பார்க்க நீதான் எனக்கு அனுமதி கொடுத்திருந்தாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று நினைத்திருப்பாய். அஞ்சலை ஆலைக்குப் போய்ச் சண்டை போட்டாள், லட்சுமணனை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனம் கேட்கவில்லை. அதைத் திறந்து, இரண்டு கழனிகளை உருவாக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை. உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

“அது எட்ஜ் கேஸும்மா” என்றாய்.

“யாரு, அஞ்சலையா?”

“அப்டி இல்லம்மா. எப்பவாச்சும் வர்றது. ரொம்ப கம்மி.”

“இந்தப் பக்கம் பாதி கழனி குத்தகைலதான்டா ஓடிக்கினு இருக்குது. எது கம்மி?”

“டெஸ்ட் பண்ணப்ப அந்த மாதிரி வரல.”

“டெஸ்ட்டுக்கு யார் கழனிய வெச்ச?”

“நம்மளுதுதான்.”

“அஞ்சலைது?”

“அதுவும் நம்மளுதுதான.”

இதைச் சொன்னபோது உனக்கே உறைத்திருக்கும் என்று நினைத்தேன். “சரி, நான் பாத்துக்கிறேம்மா. நீ யார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கினு இருக்காத” என்று போனை வைத்தாய். பார்த்துக்கொள்கிறேன் என்றால் ஆலைக்குப் போன் செய்து உண்மையைச் சொல்வாய் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் பேச்சுக்கு ஒருத்தி வேறு எப்படி அர்த்தம் எடுப்பாள். கொஞ்ச நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. நானே ஆலைக்குப் போனேன்.

மேனேஜர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். “சார், ஒரே சர்வே நம்பர்ல ஒண்ணு சொந்தம், ஒண்ணு குத்தகைன்னு ரெண்டு கழனி ஏத்திப் பாருங்க, குத்தகை காணாமப் போயிடும்” என்றேன். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். ஏற்றினார்கள். இரண்டும் அப்படியே நின்றன. வரிசையை மாற்றி ஏற்றச் சொன்னேன். அப்போதும் நின்றன. என் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ பின்னால் சிரிப்பை அடக்குவது கேட்டது. “நல்லாதான கீது டீச்சர். உங்க பையன் செஞ்சது, தப்பா இருக்குமா?” என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உத்தரவு உங்க வூட்டுக்காரருக்குத்தான் வந்துது. நீங்களே வந்து அந்தாளுக்குப் பேசினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க” என்றார். உன் அப்பாவிடம் லட்சுமணன் ஏதோ வாங்கிக்கொண்டார், அதனால்தான் நான் பரிந்து வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருஷம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், அந்த அலுவலகத்திலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் லைப்ரரியைத் திறந்தேன். நான் உன்னிடம் பேசிய மறுநாளே திருத்தியிருக்கிறாய். எந்த இடத்திலும் ஓடக்கூடிய அந்த அரை வரி, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது. திருத்தத்துக்குப் பக்கத்தில், என்ன மாற்றினாய் என்று எழுத வேண்டிய இடத்தில், ‘சிறு சீரமைப்பு’ என்று எழுதியிருந்தாய். தெரியாமல் செய்தவன் என்று உன்னை அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேனேஜரிடம் போனேன். பழைய வரி இது, புதிய வரி இது என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ எழுதியதைப் படித்தார். “சிறு சீரமைப்புன்னுதான டீச்சர் போட்டிருக்குது? பெருசா ஒண்ணும் இல்லையே” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதியவன் சொன்னதை நம்பினார்.

உன் அப்பா உனக்கு வக்காலத்து வாங்குகிறார். “அவன்தான் சரி பண்ணிட்டானே, இன்னும் இன்னா? ஊருக்குப் போற புள்ளய வம்புல இழுக்காத. நமக்கு உத்தரவு வந்துச்சி, நாம வெட்டினோம். இதுல நாம இன்னா பண்ணோம்?” என்கிறார். சரி பண்ணினாய், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த அரவையில் அஞ்சலைக்கு உத்தரவு வரும். ஆனால் நீ சரி பண்ணியதில் லட்சுமணனுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. தப்பு அப்படியே கிடந்திருந்தால், அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரிலேயே எல்லார் கண் முன்னாலும் காட்டியிருப்பேன், அவர் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார். சொல்லிவிட்டுத் திருத்தியிருந்தால் நீ மனிதன். சொல்லாமல் திருத்தியதால் அவர் பொய்யர் ஆகிவிட்டார். உன் அப்பாவுக்கும் எனக்கும் இப்போது சாப்பாடு போடவா, தண்ணீர் வைக்கவா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மலை மேலிருக்கும் கரியாலூருக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினேன். அருவிக்குப் போகிற கூட்டம் பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் முழுக்க உட்கார்ந்திருந்தது, மலை ஏறும் வரை ஒரே பாட்டு. லட்சுமணன் யாருடைய கொல்லையிலோ கூலிக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

“போன்ல இருந்துச்சிங்க டீச்சர்” என்றார். “அந்தம்மா கேக்கறப்பல்லாம் தொறந்து காட்டினேன். ‘தா இங்க கீது பாருங்க, வந்துடும்’னு நான்தான் சொல்லிக்கினே இருந்தேன். என் பேச்ச நம்பித்தான் அவங்க கரும்ப வுட்டுட்டாங்க.”

“போனு இப்ப எங்க?”

“ஆபீஸ்ல வாங்கி வெச்சிக்கினாங்க. நானே அப்புறமா ஏத்திட்டேன்றாங்க. மொதல்ல கோவம் வந்துச்சி டீச்சர். இப்ப எனக்கே டவுட்டா கீது. நாமதான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டமோ, நாமதான் சரியா பாக்கலயோன்னு.”

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. உன்மேல் அதுவரை இருந்த கோபம் வேறு, அதற்குப் பிறகு இருக்கிற கோபம் வேறு. நீ ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டதால், ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்ததையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மேல் தப்பில்லை, என் பையன் எழுதியதில்தான் தப்பு என்று அவருக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. “அப்ப உங்க பையன் வந்து சொல்லிடுவாருங்களா?” என்று கேட்டார். என் வாயிலிருந்து ‘சொல்லுவான்’ என்று வந்துவிட்டது. யோசிக்காமல் வந்த வார்த்தை. அவர் உடனே உள்ளே திரும்பி, “கேட்டியா, சொல்லிடுவாராம்” என்று மனைவியிடம் சொன்னார். பஸ் வரும் வரை என்கூடவே வந்து நின்றார்.

இறங்கி வந்ததும் அஞ்சலையிடம் போனேன். அவள் கரும்பை வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வந்து, அவர்கள் கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பாதி பூத்த கரும்பு, பாகு சரியாக வராது என்று அதற்கும் ஆயிரம் பேச்சு. காய்ந்த கரும்புச் சோகையைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தாள். “மலைக்காரன் காச வாங்கிக்கினு ஏமாத்திட்டான் டீச்சரம்மா” என்றாள். காசு கொடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. உன் அப்பாதான் என்று நினைக்கிறாள், என் முகத்துக்காக விழுங்கிக்கொண்டாள். நான் உட்கார்ந்து அவளுக்கும் முதலிலிருந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்க புள்ளையா? ச்சே, அது தங்கமான புள்ள. அது ஏன் என் வயித்துல அடிக்கப் போவுது. அந்த மலைக்காரனுக்குப் பாவம் பாத்துக்கினு சொந்தப் புள்ள மேல பழி போடாதீங்க” என்று எனக்கே புத்தி சொன்னாள். நீ யாருடைய கழனியை உன் கழனி என்று நினைத்தாயோ அவள்தான் உனக்காகப் பேசுகிறாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

வெளிநாடு போகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப ஒரு மூட்டைப் புத்திமதி இருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கண்டவனோடு சேராதே. அதையெல்லாம் உன் அப்பா சொல்வார். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. போனவாரம் பேசியபோது, “அந்த லைப்ரரியப் பாத்துட்டுத்தாம்மா ஜெர்மனிக்காரங்க என்ன எடுத்தாங்க, இப்ப போய் எப்டிம்மா” என்றாய். சரி, அவர்களுக்கும் சேர்த்தே சொல். தப்பில்லாமல் நிரல் எழுதுகிற ஆள் அங்கேயும் கிடையாது, அவர்களுக்கு அது தெரிந்திருக்கும். உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. வேலை போனாலும் போகட்டும். உனக்கு மூன்று மாதத்தில் இன்னொன்று கிடைக்கும். பொய்யர் என்ற பட்டத்தோடு ஒருவர் கரியாலூருக்குத் திரும்பினால், இந்தப் பக்கம் எந்த ஆலையும் அவரை வாசலுக்குள் விடாது. அவர் ஆயுசுக்கும் அடுத்தவர் கொல்லையில் கிழங்கு பிடுங்க வேண்டியதுதான்.

உன்னிடம் நான் கேட்பது, நீ நேரில் வர வேண்டும் என்பதுதான். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக வந்தால் பாதி நாள் பயணம். வரவே முடியாது என்றால் போனில் பேசு, அதிகாரி முகத்தைப் பார்த்துப் பேசு. லட்சுமணன் பதிந்தார், என் நிரல் அதை நீக்கியது, தெரிந்த பிறகு சொல்லாமல் திருத்தினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கம்பெனி அனுமதி வேண்டும், வக்கீலைக் கேட்க வேண்டும், பொதுவாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றெல்லாம் ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவேன். கடிதம் எழுதுகிற வேலையை நான் செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நான் லட்சுமணனோடு ஆலைக்குப் போகிறேன். உன் அப்பா வரமாட்டார். நீ வந்தால் விசாரணை அறையில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார். என் பக்கத்தில் வேண்டாம். நீ வராவிட்டால், “இத எழுதினது யாரு, அவர் ஏன் வரல?” என்று கேட்பார்கள். எழுதியது என் மகன், ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது என்பேன். அவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ‘சொல்லுவான்’ என்று நான் சொல்லிவிட்டு வந்த அந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு நீ எந்த ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எனக்கு அது தேவையில்லை.

இதில் கூடக் குறைய எழுதியிருந்தால், தப்பாக எழுதியிருந்தால், அந்தத் தப்பு என்னுடையது. யார் கேட்டாலும் நான்தான் எழுதினேன் என்று சொல்வேன்.

உன் அம்மா